அக்காவின் ரிப்போட்டில் ‘வி.யூ.எஸ்’: பரந்தனில் இருக்கும் தங்கச்சி என்ன செய்யலாம்?

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் அக்காவுக்கு 43 வயதில் மார்புப் புற்றுநோய் வந்தது. அங்கே மரபணுப் பரிசோதனையும் செய்தார்கள். பழுதானால் மார்பிலும் சூலகத்திலும் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ2 மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது, ஆனால் அது தீங்கானதா இல்லையா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது, அதாவது ‘வி.யூ.எஸ்’ என்று ரிப்போட் வந்தது. அக்கா அதைப் படம்பிடித்து வைபரில், வன்னியில் பரந்தனில் இருக்கும் தங்கச்சிக்கு அனுப்பினார். கூடவே ஒரு குரல் செய்தி: “நீயும் உடன செக் பண்ணு. காசை நான் அனுப்புறன்.” தங்கச்சிக்கு 38 வயது, இரண்டு பிள்ளைகள், உடம்பில் ஒரு குறையும் இல்லை.

நான் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறவன். அதனால் இப்படியான ரிப்போட்டுகள் என்னிடமும் வரும். “சேர், இதில என்ன கிடக்கு எண்டு ஒருக்காப் பாருங்கோ” என்பார்கள். யாரையும் அடையாளம் காண முடியாதபடி அவற்றைக் கலந்து ஒரே குடும்பமாக்கித்தான் இங்கே சொல்கிறேன். நான் வைத்தியர் இல்லை. ஆனால் வைத்தியரிடம் போகும்போது என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் நல்லது.

தங்கச்சியின் முன்னால் இருக்கும் வழிகள் ஐந்து. சூலகங்களையும் மார்பகங்களையும் முன்கூட்டியே எடுத்துவிடுவது. அக்காவிடம் கண்ட அதே மாற்றம் தன்னிடமும் உண்டா என்று மட்டும் பார்ப்பது. முழு மரபணுப் பரிசோதனை செய்வது. ரிப்போட்டை ஒருபுறம் வைத்துவிட்டுக் குடும்ப வரலாற்றை வைத்துக் கண்காணிப்பை முடிவு செய்வது. அல்லது ரிப்போட் மாறும்வரை பொறுத்திருப்பது. என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நான்காவது வழி, அதோடு ஐந்தாவதில் கொஞ்சம். ஆனால் வன்னியில் அந்த நான்காவது வழிதான் எல்லாவற்றிலும் கடினம்.

ரிப்போட் என்ன சொல்கிறது

மரபணு மாற்றங்களை ஆய்வுகூடங்கள் ஐந்தாக வகைப்படுத்துகின்றன: நோய் தருவது, பெரும்பாலும் நோய் தருவது, பொருள் தெளிவாகாதது, பெரும்பாலும் தீங்கற்றது, தீங்கற்றது. 2015இல் அமெரிக்க மருத்துவ மரபியலாளர்களும் நோயியலாளர்களும் சேர்ந்து வெளியிட்ட விதிகளைத்தான் இதற்கு உலகின் பெரும்பாலான ஆய்வுகூடங்கள் பின்பற்றுகின்றன. நடுவில் நிற்கும் ‘பொருள் தெளிவாகாதது’ என்பதுதான் வி.யூ.எஸ்.

நோய் தரும் மேல்வகைக்குப் போக 90 வீத நிச்சயமாவது வேண்டும். தீங்கற்ற கீழ்வகைக்குப் போகச் சந்தேகம் 10 வீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். இடையில் உள்ளதெல்லாம் நடுவகைதான். 12 வீதச் சந்தேகமும் 85 வீதச் சந்தேகமும் ஒரே பெயரோடு ரிப்போட்டில் வரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆகவே அக்கா தன் மரபணு ஆலோசகரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “இது எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது?” என்பதுதான். ஆய்வுகூடங்கள் சான்றுகளுக்குப் புள்ளி போட்டுத்தான் முடிவுக்கு வருகின்றன. ரிப்போட்டில் அந்தப் புள்ளி அச்சாகாமல் இருக்கலாம், கேட்டால் சொல்லக்கூடும்.

பிறகு இந்த மாற்றங்களுக்கு என்ன நடக்கிறது? அமெரிக்காவில் 14 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பரிசோதனைகளைத் திரும்பிப் பார்த்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. அதில் வி.யூ.எஸ் முடிவுகளில் ஏறக்குறையக் கால்வாசி பின்னாளில் வேறு வகைக்கு மாற்றப்பட்டிருந்தன. மாறியவற்றில் 91 வீதமானவை தீங்கற்ற பக்கம் இறங்கின. 9 வீதத்துக்குச் சற்றுக் குறைவானவைதான் நோய் தரும் பக்கம் ஏறின. எனவே இந்த ரிப்போட்டைக் கண்டவுடன் வீட்டில் செத்த வீட்டுக் களை வரத் தேவையில்லை. அந்த மீதிப் பங்கையும் மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எங்களுக்கு வி.யூ.எஸ் கூடுதலாக வருவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஒரு மாற்றம் நோயில்லாத நிறையப் பேரிடம் சர்வசாதாரணமாகக் கிடந்தால் அதைத் தீங்கற்றது என்று தள்ளிவிடலாம். அதற்கு நிறையப் பேரின் மரபணுத் தரவு கையில் இருக்க வேண்டும். இருக்கும் தரவில் பெரும்பகுதி ஐரோப்பிய வழிவந்தவர்களுடையது. ‘ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம்’ என்ற புகழ்பெற்ற பன்னாட்டு முயற்சியில் இலங்கைத் தமிழருக்கென்றும் ஒரு குழு இருக்கிறது. அதுவும் பிரித்தானியாவில் வாழும் நூறு பேரளவிலானவர்களிடம் எடுத்த மாதிரிகள்தான். வவுனிக்குளத்திலோ ஒட்டுசுட்டானிலோ நாலு தலைமுறையாக ஒரு தீங்கும் செய்யாமல் ஓடிக்கொண்டிருக்கும் மாற்றம், ஆய்வுகூடத்தின் கணினிக்கு ‘இதுவரை காணாதது’ என்றுதான் தெரியும். கனடா ரிப்போட் என்பதால் அது எங்கள் ஆட்களைப் பற்றிக் கூடுதலாக அறிந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

வெட்டி எடுப்பது

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. வேண்டாம்.

பிஆர்சிஏ2 உண்மையாகவே பழுதடைந்திருந்தால் கதை வேறு. 2017இல் வெளியான பெரிய பன்னாட்டு ஆய்வின்படி, அப்படியான மாற்றம் உள்ள பெண்களில் 80 வயதுக்குள் 100க்கு 69 பேருக்கு மார்பிலும் 17 பேருக்குச் சூலகத்திலும் புற்றுநோய் வரக்கூடும். அவர்களுக்குச் சூலகத்தையும் பலோப்பியன் குழாய்களையும் 40க்கும் 45க்கும் இடையில் எடுத்துவிடச் சொல்வது வழக்கம். அது உயிர் காக்கும் சிகிச்சை. தெளிவில்லாத மாற்றத்துக்காக அதைச் செய்யக் கூடாது என்பதில் வழிகாட்டிகள் ஒன்றுபட்டே இருக்கின்றன. 38 வயதில் சூலகத்தை எடுத்தால் மாதவிடாய் ஒரேயடியாக நின்றுவிடும். எலும்பு தேயும், இதயத்துக்கும் பாதிப்பு உண்டு. நாளைக்கே “அந்த மாற்றம் தீங்கற்றது” என்று கடிதம் வந்தால் எடுத்ததைத் திருப்பி வைக்க வழியில்லை.

தங்கச்சி அந்த ஒரு மாற்றத்தை மட்டும் பார்ப்பது

அக்கா கேட்பது இதைத்தான். செலவும் குறைவு, நியாயமாகவும் தெரிகிறது. தங்கச்சிக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

நடக்கக்கூடியதைப் பார்ப்போம். அதே மாற்றம் தங்கச்சியிடமும் இருந்தால், அது தீங்கானதா என்பது தெரியாதபடியால் இருந்தும் ஒன்றும் தெரியவில்லை. இல்லாவிட்டால், அக்காவுக்கு நோய் வந்ததற்கு அந்த மாற்றம்தான் காரணம் என்பது உறுதியில்லாதபடியால், “எனக்கு இல்லை, நான் தப்பினேன்” என்றும் சொல்ல முடியாது. இரண்டாவது நிலைமைதான் ஆபத்தானது. இல்லை என்ற ரிப்போட்டைக் கையில் வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போகாமல் விட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். மேல்வகை மாற்றம் என்றால் இதே பரிசோதனைக்கு நல்ல மதிப்பு இருக்கிறது. அப்போது இல்லை என்றால் ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். வி.யூ.எஸ்ஸுக்கு அந்த நிம்மதி கிடையாது.

குடும்பத்தினரைப் பரிசோதிப்பதால் மாற்றத்தின் தன்மையைக் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்கலாம். முடியும், ஆனால் யாரைப் பரிசோதிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒருத்தியிடம் அரிய மாற்றம் ஒன்று இருந்தால் கூடப்பிறந்தவளிடமும் அது இருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. காசைச் சுண்டிப் பூ விழுந்ததை வைத்துச் சாத்திரம் சொல்வது எப்படியோ, அக்காவிடமும் தங்கச்சியிடமும் அது இருப்பதை வைத்து முடிவு சொல்வதும் அப்படித்தான். ஒன்றுவிட்ட சகோதரியிடம் இருக்க வாய்ப்பு எட்டில் ஒன்றுதான். நோய் வந்த ஒன்றுவிட்ட சகோதரியிடமும் அதே மாற்றம் இருந்தால் அது தற்செயலாக இருப்பது அரிது, சான்று கனக்கிறது. எனவே நோயில்லாத தங்கச்சியை விட, ஏற்கெனவே புற்றுநோய் கண்ட தூரத்துச் சொந்தங்கள்தான் இந்தச் சோதனைக்கு வேண்டியவர்கள். லாச்சப்பலிலோ சூரிச்சிலோ அப்படி ஒரு மச்சாள் இருந்தால் அவரைத்தான் அக்கா முதலில் கூப்பிட வேண்டும். இப்படிக் குடும்பத்தவரைச் சில ஆய்வுகூடங்கள் காசு வாங்காமலே பரிசோதிக்கின்றன, கேட்டுப் பார்க்கலாம்.

மச்சானையும் மச்சாளையும் கட்டிவைத்த குடும்பங்களில் இந்தக் கணக்குக் கொஞ்சம் சிக்கலாகும். தாய்வழியும் தந்தைவழியும் ஓரிடத்தில் போய் முட்டும். எங்களில் அது குறைவில்லை என்பதால் ஆலோசகரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

முழுப் பரிசோதனை

பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் பரிசோதனைக்குக் கொழும்பில் இரத்தம் கொடுக்க முடியும். அக்காவும் காசு தரத் தயார். சரி, செய்தால் என்ன?

எத்தனை மரபணுவைப் பார்க்கிறோமோ அத்தனைக்கு வி.யூ.எஸ்ஸும் கூடும். ஒன்றைத் தெளிவாக்கப் போய் மூன்றைக் கொண்டுவருவது நடக்கக்கூடியதே. அதைவிட முக்கியமான விதி: குடும்பத்தில் நோய் வந்தவரைத்தான் முதலில் பரிசோதிக்க வேண்டும். அது நடந்துவிட்டது, அக்காவைப் பார்த்தாயிற்று. தாய்வழியில் பழுதான இன்னொரு மரபணு ஒளிந்திருந்தாலும் அக்காவின் பரிசோதனை எத்தனை மரபணுக்களைப் பார்த்தது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இரண்டை மட்டும் பார்த்திருந்தால் அதை விரிவாக்குவது தங்கச்சியின் இரத்தத்தை எடுப்பதை விடப் பயனுள்ளது.

முழுப் பரிசோதனைக்கு நான் ஆம் சொல்லும் இடம் ஒன்று உண்டு. தங்கச்சியின் தகப்பன் பக்கம் தனியாக ஒரு புற்றுநோய்க் கதை இருந்து, நோய் வந்தவர்கள் ஒருவரும் உயிரோடு இல்லாவிட்டால், உயிரோடிருப்பவரைத்தான் பார்க்க முடியும். அப்போதும் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு போன்ற இடத்தில் ஆலோசனை எடுத்த பிறகு செய்யலாம். அது 1983 முதல் இயங்கிவரும் பிரிவு. நேரே ஆய்வுகூடத்துக்குப் போய்க் கையை நீட்டுவதை நான் விரும்பமாட்டேன்.

குடும்பக் கதையை வைத்து முடிவெடுப்பது

வி.யூ.எஸ் வந்தால் ‘அந்த ரிப்போட் வராதது போல, குடும்ப வரலாற்றின்படி நடந்துகொள்ளுங்கள்’ என்பதுதான் எல்லா வழிகாட்டிகளும் சொல்வது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ அது இலகு. வன்னியில் குடும்ப வரலாறு எங்கே இருக்கிறது?

இந்தக் குடும்பத்தையே பாருங்கள். அம்மா 2009இல் மாத்தளனில் இறந்தபோது வயது 49. போரில் செல் குண்டு விழுந்து இறந்த பெண்ணுக்குப் புற்றுநோய் வந்திருக்குமா என்று யாரும் சொல்ல முடியாது. மாமா ஒருவர் காணாமல் போனவர் பட்டியலில் இருக்கிறார். சின்னம்மா 23 வயதில் போனவர். ஆலோசகர் வரையும் குடும்பப் படத்தில் இவர்கள் எல்லோரும் ‘புற்றுநோய் இல்லை’ என்ற பெட்டிக்குள் விழுந்துவிடுவார்கள். அது பிழை. புற்றுநோய் வரும் வயதுவரை அவர்கள் இருக்கவே இல்லை. இதைத் தங்கச்சியோ அக்காவோ வாய்திறந்து சொன்னால்தான் வைத்தியருக்குத் தெரியும்: “எங்கட குடும்பத்தில 50 தாண்டின பெண்கள் ரெண்டே பேர்தான்.” பெண் உறவுகள் குறைந்த குடும்பங்களில் நோயாளி ஒருவரே என்றாலும் கூடுதல் கவனம் தேவை என்பது மரபியலாளர் அறிந்த விஷயம்தான். ஆனால் குறைந்தது ஏன் என்பது கேட்காமல் அவர்களுக்குத் தெரியவராது.

கிளினிக் கொப்பிகள், சோதனை ரிப்போட்டுகள் எல்லாம் இடம்பெயர்ந்த வழியில் போய்விட்டன. ஆகவே கேட்டுத்தான் சேர்க்க வேண்டும், கேட்கும் விதமும் முக்கியம். “எங்கட வீட்டில ஆருக்கும் கான்சர் இருந்ததோ?” என்று கேட்டால் பெரியவர்கள் தலையை ஆட்டி இல்லை என்பார்கள். “பெரியம்மா எப்பிடிச் செத்தவா?” என்று கேளுங்கள். “அவவுக்கு ஒண்டும் இல்லை பிள்ளை, வயித்தில தண்ணி கட்டினது, நாலு மாசத்தில முடிஞ்சுது” என்று பதில் வரலாம். வயிற்றில் நீர் கட்டுவதற்கு ஈரலும் காரணமாகலாம், குடிக்காத 52 வயதுப் பெண்ணில் அது சூலகப் புற்றுநோயாகவும் இருந்திருக்கலாம். அது ஒன்றே முழுப் படத்தையும் மாற்றிவிடும். ஆண்களையும் விட்டுவிடக் கூடாது. பிஆர்சிஏ2 பழுதுகள் ஆண்களில் முன்னிற்கும் சுரப்பியிலும், அபூர்வமாக மார்பிலும், இருபாலாரிலும் கணையத்திலும் புற்றுநோயைக் கொண்டுவரலாம். தகப்பன் வழியாகவும் அது சரிபாதி வாய்ப்போடு இறங்கும். “மார்புக் கான்சர் தாய்வழி விஷயம்” என்ற நினைப்பில் அப்பாவின் பக்கத்தைக் கேட்காமல் விட்ட வீடுகள்தான் அதிகம்.

அம்மாவின் அல்லது பெரியம்மாவின் திசுமாதிரி எங்காவது ஆஸ்பத்திரியில் மெழுகில் பதித்த கட்டியாக இருக்குமா என்றும் சிலர் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்திலோ மகரகமவிலோ சத்திரசிகிச்சை நடந்திருந்தால் விசாரித்துப் பார்ப்பதில் நட்டமில்லை. பழைய கட்டிகளில் டிஎன்ஏ சிதைந்திருக்கும், அதிகம் நம்பியிருக்க வேண்டாம்.

சரி, கதையைச் சேர்த்த பிறகு என்ன செய்வது? கூடப்பிறந்தவருக்கு 43 வயதில் நோய் வந்தது என்பது மட்டுமே இருந்தாலும் தங்கச்சியின் ஆபத்து மற்றவர்களை விடச் சுமார் இரண்டு மடங்கு. அதற்கேற்றபடி கண்காணிக்க வேண்டும். குடும்பத்தில் மிக இளவயதில் நோய் வந்தவரின் வயதில் இருந்து 10 வருடம் முன்னதாக, ஆனால் 30க்குப் பிந்தி, மார்பை எக்ஸ்ரே படம் (மெமோகிராம்) எடுக்கத் தொடங்குவது பொதுவான கணக்கு. இங்கே அது 33. தங்கச்சி ஏற்கெனவே ஐந்து வருடம் பிந்திவிட்டார். சுகவனிதையர் கிளினிக்குக்கு 35 வயதிலும் 45 வயதிலும் வரச் சொல்வார்கள், அதை நடத்துவது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, கூப்பிட வருபவர் எங்கள் குடும்ப நல உத்தியோகத்தர். போய் மார்பகத்தைக் காட்டிக்கொள்ளுங்கள், செலவு ஒன்றுமில்லை. ஆனால் குடும்பத்தில் இளவயது நோய் உள்ளவருக்கு அது மட்டும் போதாது. அங்கிருந்து கடிதம் வாங்கிச் சத்திரசிகிச்சை நிபுணரின் கிளினிக்கிற்கும், தேவைப்பட்டால் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கும் போகலாம். ஏ9 வீதியில் ஒரு பகல் பயணம், நாள் கூலி போகும், பிள்ளைகளை யாரோ பார்க்க வேண்டும். அக்கா பரிசோதனைக்கு அனுப்ப இருந்த காசை இந்தப் பயணத்துக்கு அனுப்பட்டும். 38 வயதில் மார்பு அடர்த்தியாக இருந்தால் மெமோகிராமில் சில கட்டிகள் மறைந்துவிடும், ஸ்கானும் சேர்த்துப் பார்க்கச் சொல்வார்கள்.

சூலகத்துக்கு இப்படிக் கண்காணிப்பு கிடையாது. பிரித்தானியாவில் 2 இலட்சம் பெண்களை வைத்து சிஏ125 இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும் செய்து பார்த்தார்கள். 2021இல் வந்த முடிவின்படி அதனால் இறப்புக் குறையவில்லை. தனியார் ஆய்வுகூடத்தில் வருடம்தோறும் சிஏ125 பார்த்து மனதைத் தேற்றிக்கொள்வதை நான் ஊக்குவிக்கமாட்டேன். வயிறு உப்பிக்கொண்டே இருப்பது, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துபோவது, அடிவயிற்று நோ, அடிக்கடி சிறுநீர் போவது ஆகியவை சில வாரங்களாகத் தொடர்ந்தால் காஸ்ட்ரிக் என்று சொல்லி மருந்துக்கடையில் குளிசை வாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பொறுத்திருப்பது, ஆனால் சும்மா இருந்து அல்ல

வி.யூ.எஸ் மாறும். பிஆர்சிஏ1 மரபணுவின் முக்கிய பகுதிகளில் வரக்கூடிய ஏறத்தாழ நாலாயிரம் ஓரெழுத்து மாற்றங்களைக் கலங்களில் செய்தே பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். பிஆர்சிஏ2வின் முக்கிய பகுதி ஒன்றுக்கும் 2025இல் இதேபோன்ற பெரிய வேலை வெளிவந்தது. தமிழர் தரவு இல்லாவிட்டாலும் கலத்தின் நடத்தை எல்லா மனிதருக்கும் ஒன்றுதான் என்பதால் இந்த வழியால் எங்களுக்குத்தான் கூடுதல் நன்மை. அக்காவின் ரிப்போட் 2025க்கு முந்தியது என்றால் ஆய்வுகூடத்திடம் மறுமதிப்பீடு கேட்க இது நல்ல சாட்டு.

இங்கே ஒரு பழுது இருக்கிறது. வகை மாறினால் ஆய்வுகூடம் வைத்தியருக்கு எழுதும். வைத்தியர் மாறியிருப்பார், அக்கா வீடு மாறியிருப்பார், பரந்தனுக்கு அந்தக் கடிதம் ஒருநாளும் வராது. எனவே தங்கச்சி கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியது ரிப்போட்டின் முழுப் பிரதி. படத்தில் மேல்பாதி மட்டும் வந்திருந்தால் போதாது. மரபணுவின் பெயர், ‘சி.’ என்று தொடங்கும் மாற்றத்தின் குறியீடு, ‘பி.’ என்று தொடங்கும் புரதக் குறியீடு, ஆய்வுகூடத்தின் பெயர், திகதி எல்லாம் ஓர் எழுத்தும் பிசகாமல் இருக்க வேண்டும். அந்தக் குறியீட்டை கிளின்வார் என்ற பொதுத் தரவுத்தளத்தில் யாரும் தேடலாம், அது 2013 முதல் இலவசமாகக் கிடக்கிறது. ஒரே மாற்றத்தை ஓர் ஆய்வுகூடம் தெளிவில்லை என்றும் இன்னொன்று தீங்கற்றது என்றும் போட்டிருப்பதை அங்கே காணலாம். கண்டதும் முடிவெடுக்க வேண்டாம், அதை அக்காவின் ஆலோசகரிடம் கேள்வியாகக் கொண்டுபோங்கள். வருடத்துக்கு ஒருமுறை அக்கா கேட்டால் போதும், பிறந்தநாளோடு சேர்த்து ஞாபகம் வைக்கலாம்.

தங்கச்சிக்கே நாளைக்கு நோய் கண்டால் இந்த ஒப்பீடு முழுதும் மாறிவிடும். அப்போது அவரையும் பரிசோதிக்கலாம், அவருடைய முடிவு அக்காவின் மாற்றத்துக்கும் சான்றாகும். பிஆர்சிஏ பழுது உள்ளவர்களுக்கென்று கொடுக்கும் ஒலாபரிப் போன்ற மருந்துகளுக்கு வி.யூ.எஸ் கணக்கில் வராது என்பதையும் அறிந்துவைத்திருங்கள்.

தங்கச்சியின் மூத்த மகளுக்கு 16 வயது. “அவளுக்கும் பார்ப்பமோ?” என்று அடுத்த குரல் செய்தி வரும். தேவையில்லை. மேல்வகை மாற்றமாக இருந்தாலும் 18க்கு முன் பிஆர்சிஏ பார்ப்பதில்லை, அது அவள் வளர்ந்து தானே எடுக்க வேண்டிய முடிவு. கண்காணிப்பு என்று ஏதும் தொடங்குவதென்றாலும் இருபதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகுதான். அதற்குள் அந்த ரிப்போட்டின் வகை மாறியும் இருக்கலாம். இப்போதைக்குத் தங்கச்சி, தன் பெரியம்மாவின் வயிற்றில் நீர் கட்டியது எந்த வயதில் என்று கேட்டு, அதைத் திகதியோடு எழுதி, அக்காவின் ரிப்போட் பிரதியோடு ஒரே பைலில் போட்டு வைக்கட்டும்.